கியர் மாத்துறதுக்கு மீசை தேவையில்லை

நான் லைசன்ஸ் எடுத்த அண்டைக்கு வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரே கதைதான்: "நல்லது பிள்ளை, இனி ஒரு ஓட்டோ காராப் பாத்து ஓடு." நான் ட்ரயல் காட்டியது மனுவல் காரில். மேட்டில் நிறுத்தி எடுத்து, ரிவேர்ஸ் போட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்துதான் அந்த அட்டை கைக்கு வந்தது. அதே லேர்னர்ஸில், அதே காரில் பழகி, அதே கிழமை பாஸ் பண்ணிய என் மச்சானிடம் யாரும் ஓட்டோவைப் பற்றி மூச்சு விடவில்லை. அவனிடம் கேட்டது, "எப்ப எங்களை ஏத்திக்கொண்டு போகப்போறாய்?"

இது எங்கள் ஊரில் புதினமில்லை. மோட்டார்சைக்கிள் பெடியனுக்கு, ஸ்கூட்டி பெட்டைக்கு. மனுவல் கார் பெடியனுக்கு, ஓட்டோ கார் பெட்டைக்கு. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். கியர் என்பது பலமும் துணிச்சலும் உள்ளவர்களின் வேலை என்ற நினைப்புத்தான் இதற்கு அடி. அந்த நினைப்புப் பிழை என்று நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில், மச்சானும் நானும் மாறி மாறி அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டோம்.

கார் மாமாவுடையது. யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா கொம்பனி 1989இல் எம்எக்ஸ்-5 என்று வெளியிட்ட காரின் ஜப்பான் பெயர் அது. ரெண்டு சீற், கழற்றி மடிக்கிற துணிக்கூரை, மேலே எழும்பி வருகிற ஹெட்லைற். எஞ்சின் வெறும் 1600 சிசி, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. உலகத்திலேயே கூட விற்ற ரெண்டு சீற் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். 2016இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. வேகத்துக்காக இதை யாரும் வாங்குவதில்லை. இதன் ருசி கியர் லீவரில் இருக்கிறது. சாதாரணச் சின்னக் கார்களில் லீவருக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் கேபிளோ கம்பியோ ஓடும். இதில் லீவர் நேரே கியர்பெட்டிக்குள் இறங்குகிறது. குட்டையான லீவர், மணிக்கட்டை அசைத்தாலே கியர் விழும். அதாவது, நீங்கள் செய்கிற பிழையையும் அது நேரே உங்கள் கையில் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏற முதல், பண்ணைப் பாலம் தாண்டி வாகனம் குறைந்த தீவுப்பக்க றோட்டுக்கு மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். முதல் நாளே தெரிந்துவிட்டது, லைசன்ஸ் வைத்திருந்த ரெண்டு பேருக்கும் கியர் மாத்தத் தெரியாது. லேர்னர்ஸில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, "கிளச்ச மிதி, கியரப் போடு, கிளச்ச விடு." ட்ரயல் பாஸ் பண்ண அது போதும். காரில் பக்கத்தில் இருப்பவரின் கழுத்துக்குப் போதாது.

நான் கிளச்சை மிதித்தேன் என்றால் மிதித்தபடிதான். கியர் சரியாக விழுந்ததா என்று ஒருக்கால் யோசித்து, கண்ணாடியைப் பார்த்து, பிறகு மெல்ல மெல்ல விடுவேன். அதற்குள் எஞ்சின் சுற்று அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். கிளச் பிடித்ததும் யாரோ பிறேக் அடித்ததுபோலக் கார் முன்னுக்குக் குனியும். மச்சான் நேர் எதிர். படத்தில் பார்த்த மாதிரி லீவரை அடித்து, கிளச்சை டக்கென்று விடுவான். எஞ்சின் இன்னும் மேலே கத்திக்கொண்டிருக்கும்போதே சில்லோடு மாட்டுவதால் கார் எகிறிப் பாயும். மாமா சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஒராள் குனியுறா, ஒராள் எகிறுறான். கார் ஒண்டுதான்."

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒவ்வொரு கியருக்கும் ஒரு விகிதம் இருக்கிறது. இந்தக் காரின் ஐந்து கியர் பெட்டியில் முதலாவது 3.136, ரெண்டாவது 1.888, மூன்றாவது 1.330, நாலாவது 1.000, ஐந்தாவது 0.814. கார் ஒரே வேகத்தில் போனாலும், கியர் மாறினால் எஞ்சின் சுற்றவேண்டிய அளவு மாறும். முதலாம் கியரில் 3000 சுற்றில் போகும் கார் ரெண்டாம் கியருக்கு வந்தால் எஞ்சின் ஏறத்தாழ 1800இல் இருக்கவேண்டும். நாலில் 2500இல் போகும் கார் மூன்றுக்கு இறங்கினால் 3300க்கு ஏறவேண்டும். கியர் மாத்துறது என்றால் இவ்வளவுதான்: எஞ்சின் புதிய கியருக்குப் பொருத்தமான சுற்றுக்கு வருகிற அந்தக் கணத்தில் கிளச்சை விடுவது. முந்தினால் எகிறும். பிந்தினால் குனியும். பொருந்தினால் எதுவும் நடக்காது. அந்த "எதுவும் நடக்காது" என்பதுதான் முழு வித்தையும்.

மேல் கியருக்குப் போகும்போது எஞ்சின் தானாக இறங்கும், நீங்கள் அந்த நேரத்தைப் பிடித்தால் போதும். கீழ் கியருக்கு வரும்போது அது தானாக ஏறாது. முதலில் பிறேக்கில் வேகத்தைக் குறைக்கவேண்டும். கிளச்சை மிதித்து, லீவரை மாற்றி, விட முதல் அக்சிலேற்றரை ஒருக்கால் லேசாகத் தட்டவேண்டும். எஞ்சின் "வ்ரூம்" என்று ஏறும்போது கிளச்சை விட்டால் கார் அசையாது. இது ஸ்டைலுக்காகச் செய்வது என்று நினைத்திருந்தேன். இல்லை. இப்படியான காரில் எஞ்சின் பின்சில்லைத்தான் ஓட்டுகிறது. மழை பெய்த றோட்டில், வளைவில், சுற்றைப் பொருத்தாமல் கீழ் கியரில் கிளச்சை விட்டால் பின்சில்லு பிடி விட்டு, காரின் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு வரும்.

லீவரைப் பற்றியும் ஒரு பாடம். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கிற வரிசைக்கு லீவரை ஒரு ஸ்பிரிங் தானாகவே கொண்டுவரும். ரெண்டிலிருந்து மூன்றுக்குப் போக, நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் கையைத் தளர்த்தினால் லீவர் தானே நடுவுக்கு வரும். பிறகு உள்ளங்கையால் முன்னுக்குத் தள்ளினால் சரி. இறுக்கிப் பிடிக்கிற கைக்கு இது பிடிபடாது. கியருக்குள் சிங்க்ரோ என்று பித்தளை வளையங்கள் இருக்கின்றன. சுற்றுகிற ரெண்டு பாகங்களின் வேகத்தை உரசி ஒன்றாக்கி, பற்கள் அடிபடாமல் கியரை விழவைப்பது அவைதான். 1928இல் கடிலாக் கார்களில் முதலில் வந்தவை. அவற்றுக்கு ஒரு சின்ன நேரம் வேணும். காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ரெண்டாம் கியர் விழ மறுக்கும். அப்போது அமத்தினால் தேய்வது அந்த வளையம்.

மூன்றாம் ஞாயிறு மச்சான் அமத்தினான். மூன்றாம் கியரில் 3500 சுற்றில் போகிறான், நாலு போடவேண்டும். லீவரை இறுக்கிப் பிடித்து, தன்னை அறியாமல் இடப்பக்கம் தள்ளியபடி பின்னுக்கு இழுத்தான். நாலுக்குப் பதில் ரெண்டில் விழுந்தது. எஞ்சின் ஒரே அடியாக 5000க்குப் பாய்ந்து அலற, மூன்று பேரும் — நான் கரையில் கல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் என்னையும் சேர்க்கிறேன் — ஒன்றாகக் கத்தினோம். மாமா காரை நிறுத்தச் சொன்னார். ஏசவில்லை. "தம்பி, இதை நீ றேஸ் ட்ரக்கில 6000இல செய்திருந்தா என்ன?" என்றுமட்டும் கேட்டார். விகிதத்தை வைத்து ஃபோனில் கணக்குப் பார்த்தேன்: 8500. இந்த எஞ்சினின் எல்லை 7000 சொச்சம். அந்த நேரத்தில் சில்லுத்தான் எஞ்சினைச் சுற்றவைக்கிறது என்பதால், சுற்றைக் கட்டுப்படுத்துகிற எந்த வசதியும் காப்பாற்றாது. ஒரே ஒரு பலமான இழுவை, எஞ்சின் முடிந்தது. இங்கிலிசில் இதை "மணி ஷிஃப்ட்" என்பார்கள். காசு கரைகிற கியர்.

அண்டைக்குத் திரும்பி வரும்போது நான் யோசித்தேன். மச்சானுக்கு வீடும் படமும் கூட்டாளிகளும் சொல்லிக்கொடுத்தது அவசரம். எனக்கு எல்லோரும் சொல்லிக்கொடுத்தது பயம். "கவனம் பிள்ளை, கவனம்" என்று கேட்டுக் கேட்டு, கிளச்சிலிருந்து காலை எடுக்கவே எனக்கு அனுமதி தேவைப்பட்டது. கியர்பெட்டிக்கு இந்த ரெண்டும் ஒத்துவராது. அவன் மறக்கவேண்டியது ஒன்று, நான் மறக்கவேண்டியது இன்னொன்று. ஆனால் பயந்தவளுக்கு மட்டும் "உனக்கு ஓட்டோ போதும்" என்று கதவைச் சாத்துகிறோம். எஞ்சினை உடைக்கப் பார்த்தவனுக்கு "பழக்கத்தில வரும்" என்கிறோம். என் கோபம் அதுதான்.

சரித்திரத்தைப் பார்த்தாலும் இந்தப் பிரிப்பு நிற்காது. பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் மூட்டன் 1981இல் அவுடி குவாட்ரோவில் சன்ரேமோ ராலியை வென்றார். உலக ராலி சம்பியன்ஷிப் சுற்றொன்றை வென்ற முதல் பெண் அவர். அடுத்த வருடம் போர்த்துக்கல், கிரேக்கம், பிரேசில் என்று மூன்று ராலி வென்று சம்பியன்ஷிப்பில் ரெண்டாம் இடம். மண்ணிலும் சரளையிலும், மனுவல் கியரில். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அம்மம்மாவின் அக்கா டீச்சர். மொரிஸ் மைனரில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தவவாம். அந்தக் காரின் முதலாம் கியருக்குச் சிங்க்ரோவே கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் பல் கடிக்கும். சீலை கட்டிக்கொண்டு அதைச் சமாளித்தவவின் பேத்திக்குத்தான் இப்போது கியர் கஷ்டமாம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது: "இந்தக் காலத்தில மனுவல் ஏன்? ஓட்டோதான் வேகம்." உண்மை. வேகம்தான் விஷயம் என்றால் மனுவல் தோற்று கனகாலம். ஃபெராரி மனுவலைக் கைவிட்டது. 2009இலேயே நிசான் 370இசட் காரில், கீழ் கியருக்கு வரும்போது எஞ்சின் சுற்றைத் தானே ஏற்றிக்கொடுக்கிற வசதி வந்துவிட்டது. போர்ஷே 2013இல் 911 ஜீடி3ஐ ஓட்டோவாக மட்டும் விற்றது. ஆனால் 2017இல் மனுவலைத் திரும்பக் கொடுத்தது. 2019இல் ஓட்டோவாக மட்டும் வந்த டொயோட்டா சுப்ராவுக்கும் 2022இல் மனுவல் வந்தது. மெதுவானது என்று தெரிந்தே ஆட்கள் கேட்டு வாங்குகிறார்கள். வேகத்துக்காக அல்ல, கையும் காலும் காதும் ஒன்றாய்ச் சேர்கிற அந்த வேலைக்காக.

அதனால் ஓட்டோ ஓடுகிறவர்களை நக்கலடிக்கிற கூட்டத்தோடும் நான் இல்லை. கொழும்பு ட்ரபிக்கில் ஒரு மணித்தியாலம் கிளச் மிதித்துப் பாருங்கள், ஓட்டோவின் அருமை தெரியும். ஒரு காலோ கையோ ஏலாதவர்களுக்கு ஓட்டோதான் றோட்டையே திறந்துவிடுகிறது. ஓட்டோ எடுப்பது ஒரு தெரிவு. பெட்டை என்பதற்காக ஓட்டோவைக் கையில் திணிப்பது தெரிவு இல்லை.

இப்போது மாமா ஒரு புது விளையாட்டுத் தொடங்கியிருக்கிறார். இனிஷியல் டி பார்த்தவர்களுக்குத் தெரியும்: தாவ் ஃபூ கொண்டுபோகிற டகுமி, கப்பில் இருக்கிற தண்ணி சிந்தாமல் மலையில் இறங்கவேண்டும். எங்களுக்கு மலை இல்லை, தகப்பன் விடுகிற பகிடிக்கு மட்டும் குறைவில்லை. மூடி இல்லாத போத்தலில் முக்கால்வாசி தண்ணி, அதைப் பக்கத்து சீற்றில் இருப்பவர் மடியில் பிடிக்கவேண்டும். போன ஞாயிறு நான் ஓட, மச்சான் பிடித்தான். ஒண்டிலிருந்து நாலு வரை சொட்டும் சிந்தவில்லை. நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது அக்சிலேற்றரைத் தட்டப் பிந்திவிட்டேன், அவனுடைய ஜீன்ஸ் நனைந்தது. பிறகு அவன் ஓட நான் பிடித்தேன். என் சட்டையும் நனைந்தது, ஆனால் முதல் மாதத்தை விடக் குறைவு.

உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு மனுவல் கார் நிண்டால், ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழைய அல்டோ என்றாலும் சரி, ஒரு ஞாயிறு கேட்டு வாங்கி ஓடிப் பாருங்கோ. பெட்டையள் முக்கியமாகக் கேளுங்கோ. "கவனம்" என்று சொல்லுவினம். ஓம் என்று சொல்லிவிட்டுக் கிளச்சை விடுங்கோ.