ஆத்துக்கு எந்தக் கைவலை?

கொள்ளிடத்துல தூண்டில் போட டவுன்லேர்ந்து வர்றவங்க பலர் மடக்குற கைவலையோட வர்றாங்க. பைக்குள்ள அடங்கும், சரி. ஆனா ஓடுற தண்ணியில ரெண்டு கிலோ கெண்டை உதறினா முதல்ல விட்டுப்போறது அந்த மடக்கு மூட்டுதான். வளையமும் பிடியும் அசையாம இறுகியிருக்கிறதை வாங்குங்க. மீன் விழுந்ததும் பிடியால நெம்பாம, வளையத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. நைலானை வெயில் தின்னுடும், நிழல்ல உலர்த்துங்க.

முக்கியமா, வலைக்கண்ணில் ஒரு விரல் நுழையணும். கொசுவலை மாதிரி நெருக்கமா இருந்தா தண்ணி இழுத்து பிடி வளையும். கெளுத்தி முள் சிக்கினா கிழிச்சுத்தான் எடுக்கணும். புதுத்தண்ணியில ஏறி வர்ற குஞ்சுகளையும் அது அள்ளிடும். குஞ்சு போயிட்டா, எவ்வளவு உழைக்கிற வலை வாங்கியும் அடுத்த வருஷம் எதை அள்ளுவீங்க?