கேட்க ஒரு காது வேண்டும்

2025 நவம்பரில் சேலத்திலிருந்து புறப்பட்ட பயிற்சி விமானம் ஒன்று, நார்த்தாமலை அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். சாலையில் இறங்கியதால் ஊரே பார்த்தது. ஆளில்லாத காட்டில் இறங்கியிருந்தால் எங்கே போய்த் தேடுவது?

விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்றொரு கருவி உண்டு. தரையிலுள்ள ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸ் அலையில் “யார் நீ?” என்று கேட்கும், கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். ஆபத்து என்றால் விமானி 7700 என்ற எண்ணை வைப்பார். ‘ஏ.டி.எஸ்.-பி’ என்னும் புதிய முறையில், கேட்காமலேயே விமானம் தன் இருப்பிடத்தை நொடிக்கு இருமுறை அறிவிக்கும்.

அறிவித்தால் போதுமா? கேட்க ஏற்பி வேண்டாமா? இந்த அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை; பூமியோ உருண்டை. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பெரிய விமானத்தின் குரல் சுமார் 350 கிலோமீட்டர் எட்டும். 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு 60 கிலோமீட்டர்தான். குன்று மறைத்தால் அதுவும் குறையும். கற்றுக்கொள்பவர் ஓட்டும் விமானமே கண்ணுக்குத் தப்புகிறது!

ஆகவே பயிற்சிப் பள்ளிகள் தங்கள் விமானங்கள் செல்லும் வழியெங்கும், உரிய அனுமதியுடன், உயரமான கட்டடங்களில் ஏற்பிகளை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. செலவாகுமே என்பார்கள். ஏற்பி சிறு பெட்டிதான், அலைநீளம் 27.5 சென்டிமீட்டரே என்பதால் ஏரியலும் சிறியது. விழுந்த இடம் தெரியாமல் கழியும் ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டா?

நீங்களும் கணக்கிடுங்கள்: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். உங்கள் ஊருக்கு மேல் 150 மீட்டரில் பறக்கும் விமானம் திருச்சிக்குக் கேட்குமா?