ஆறு மட்டும் சுத்தமானால் போதுமா?

ஆறு நாறிப்போச்சுன்னு இப்பத்தான் ஊர்த்தெரு அழுகிறது. ராத்திரியில் லாரி வந்து அவர்கள் வீட்டு மலத்தொட்டியை எங்கள் சேரியோர ஓடையில் கவிழ்த்தபோது ஒரு நாதி கேட்கவில்லை. அந்த ஓடைதானய்யா ஆத்துல போய் விழுது!

2017இல் கருங்குழியில் வந்ததுபோல் எங்கள் பேரூராட்சிக்கும் கசடு சுத்திகரிப்பு நிலையம் வேண்டுமாம். வேணும்தான். மணலும் சரளையும் பரப்பிய படுகையில் கசடு காயும். வடிந்த தண்ணீர் நாணல் வேர்களுக்குள் ஊறித் தெளியும். கரண்டும் அதிகம் தின்னாது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை.

காய்ந்ததை யார் சுரண்டி அள்ளுவது? கூட்டத்தில் எழுந்து கேட்டேன். “உங்க பசங்கதான், பழக்கப்பட்டவங்களாச்சே” என்றார் ஒருவர், டீயை உறிஞ்சிக்கொண்டே. இடம்? எங்கள் சுடுகாட்டுப் பக்கம்!

கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. சாக்கடைக்குள் செத்தால் 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்குத் தொகை ஏறுது, ஆளை இறக்குறது நிக்கல.

தோழர்களே, நிலையத்தை எதிர்த்து நாம் நிற்கவில்லை. படுகை வழிக்க எந்திரம், நிரந்தர வேலை, அந்த வேலையில் எல்லாச் சாதிக்கும் முறை, சேரியைவிட்டுத் தள்ளி இடம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அதுவரை அங்கே ஒரு செங்கல் இறங்காது.