கடன் வினைகளும் தவறான கண்ணீரும்

ஆங்கில வினைச்சொற்கள் ஜெர்மனையும் டச்சையும் அரித்துத் தின்கின்றன என்று அண்மையில் ஒரு கருத்தரங்கில் முழங்கினார்கள். மொழியியல் பயின்றோரும் கைதட்டினர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சான்றுகளைப் பாருங்கள். ‘டவுன்லோட்’ என்னும் வினையை இரு மொழிகளும் கடன் பெற்றன. இறந்தகால எச்சத்திற்கு இரண்டிலும் ‘கெ’ என்னும் முன்னொட்டு வேண்டும். டச்சு அதைத் தலையில் சேர்த்துக் ‘கெடவுன்லோட்’ என்கிறது. ஜெர்மனோ ‘டவுன்’ என்பதைத் தன் பிரியும் முன்னொட்டுகளுள் ஒன்றாகவே கொண்டு, சொல்லைப் பிளந்து ‘டவுன்கெலோடெட்’ என்று நடுவில் செருகுகிறது. ‘கெடவுன்லோடெட்’ என்போரும் ஜெர்மனியில் உண்டு. இந்தத் தடுமாற்றம் சிதைவின் அடையாளம் என்கிறார்கள். இரு வடிவங்களில் எதைத் தேர்ந்தாலும் பேசுவோர் பின்பற்றுவது ஜெர்மன் விதியைத்தான். இன்றைய ஆங்கிலத்தில் இந்த முன்னொட்டே இல்லை.

டச்சில் வினையடி ஒலிப்பிலா மெய்யில் முடிந்தால் இறந்தகாலத்திற்கு ஒரு விகுதி, இல்லையேல் வேறொன்று. ‘ஃபேக்ஸ்’ முதல் விகுதியைப் பெறுகிறது, ‘மெயில்’ இரண்டாவதைப் பெறுகிறது. ‘கோஃப்ஸ்கிப்’ என்னும் பழைய கப்பலின் பெயரைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அதே விதி இது. பேச்சுத் தமிழ் ‘டவுன்லோட் பண்ணு’ எனத் துணைவினை ஒன்றை நாடுகிறது. இம்மொழிகளுக்கு அந்தத் துணையும் வேண்டியதில்லை. அயல் வேரில் தம் விகுதியை நேரே ஒட்டிக்கொள்கின்றன. சாகக் கிடக்கும் இலக்கணமா இவ்வேலையைச் செய்யும்?

1997இல் தோன்றிய ஜெர்மன் மொழிச் சங்கம், ‘மொழிக் கலப்படக்காரர்’ என்று பட்டம் சூட்டிப் பலரைப் பழித்தது. அதனால் ‘கூகெல்ன்’ என்னும் வினை நின்றுவிடவில்லை. 2004இல் டூடன் அகராதியிலும் ஏறியது.

அப்படியானால் ஆங்கிலத்தால் ஆபத்தே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் படிப்புகளுள் பெரும்பாலானவை இன்று ஆங்கிலவழியில் நடக்கின்றன. அங்கே எந்த டச்சு வினையும் சிதையவில்லை, ஏனெனில் டச்சே பேசப்படுவதில்லை. கடன் வாங்கும் மொழி புழங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு துறையை விட்டே வெளியேறும் மொழிக்குக் கடன் வாங்கவும் வாய்ப்பில்லை. சொற்களுக்குக் காவல் நிற்போர் வகுப்பறையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். அக்கருத்தரங்கின் வரவேற்புரை முதல் நன்றியுரை வரை அனைத்தும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன.