புயல் மட்டும்தான் பேரிடரா?

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் தமிழகத்தின் உள்மாவட்டங்களில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. பகலெல்லாம் வறுத்தெடுத்த வானம் மாலை நாலு மணிக்கு மேல் ஒரு பக்கமாகக் கறுக்கும். அரை மணி நேரம் காற்றும் இடியும் மழையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ‘சூறைக்காற்றில் வாழைகள் சாய்ந்தன’ என்று நாலு வரி வரும். அதற்கு மறுநாள் அதுவும் இருக்காது.

காற்றால் பேரழிவு என்றால் அது கடலில் பிறந்து, பெயர் சூட்டப்பட்டு, கரையைக் கடக்கும் புயலால்தான் வரும் என்று நாம் நம்புகிறோம். கோடை இடிமழை பூமியைக் குளிர்விக்க வருவது, கூடவே கொஞ்சம் காற்றும் வரும், அவ்வளவுதான் என்பது நம் எண்ணம். படித்தவர், படிக்காதவர், அதிகாரி, அமைச்சர் எல்லோரிடமும் ஊறியிருக்கிற இந்த நம்பிக்கை தவறு. அதனால் வீடும் விளைச்சலும் உயிரும் போகின்றன.

இடிமேகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்பது. சூடான ஈரக்காற்று மேலே ஏறி அதை வளர்க்கிறது. உள்ளே மழைத்துளியும் பனிக்கட்டியும் கனத்து விழத் தொடங்கும்போது அவை காற்றையும் கீழே இழுத்துக்கொண்டு வருகின்றன. மேகத்துக்கு அடியில் கோடையின் வறண்ட காற்று இருப்பதால், விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. அப்போது சுற்றியுள்ள காற்று சட்டென்று குளிர்ந்து, கனமாகி, இன்னும் வேகமாக இறங்குகிறது. தரையில் மோதியதும் அது எல்லாத் திசையிலும் சிதறி ஓடும். மழைக்கு முன்னால் மண்வாசனையோடு வரும் அந்தக் குளிர்ந்த காற்றை நாம் வாசலில் நின்று ரசிக்கிறோமே, அது இப்படிச் சிதறி ஓடிவரும் காற்றின் முன்வரிசைதான். பெரும்பாலும் அது சாதுவாகக் கடந்துவிடும். மேகம் வலுத்த நாளில் அதே காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். இன்னும் கடுமையானால் 160ஐயும் தாண்டக்கூடும். வங்கக்கடலில் உருவாகும் பல புயல்கள் இந்த வேகத்தோடு கரையைத் தொடுவதில்லை.

இந்த உண்மை அறிவியலுக்கே தாமதமாகத்தான் பிடிபட்டது. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 148 டொர்னேடோக்கள் (சுழல்காற்றுகள்) அடித்தன. சேதத்தை விமானத்திலிருந்து ஆராய்ந்த வானிலை விஞ்ஞானி டெட் ஃபுஜிட்டா, மேற்கு வர்ஜீனியாவின் காடுகளில் ஓரிடத்தைக் கண்டார். அங்கே மரங்கள் சுழன்று விழவில்லை; ஒரு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, நட்சத்திரக் கதிர்களைப் போல விழுந்திருந்தன. 1945இல் அணுகுண்டு விழுந்த ஜப்பானிய நகரங்களின் அழிவை நேரில் ஆராய்ந்தவர் அவர். மேலிருந்து இறங்கிய ஒன்று தரையில் மோதிச் சிதறினால் தடயம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டே, 1975 ஜூன் 24 அன்று, நியூயார்க் கென்னடி விமானநிலையத்தில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் இடிமழைக்குள் விழுந்து நொறுங்கியது. இப்படி மேலிருந்து இறங்கும் காற்றின் கைவேலைதான் அதுவும் என்று அவர் வாதிட்டபோது சக விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. பின்னர் வந்த ரேடார் ஆய்வுகள் அவர் சொன்னதை உறுதிப்படுத்தின.

நம் நாட்டிலும் சான்றுக்குப் பஞ்சமில்லை. 2018 மே 2 அன்று உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் ஒரே இரவின் புழுதிப்புயலும் இடிக்காற்றும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் மைநாகுரி வட்டாரத்தில் சில நிமிடக் காற்று வீடுகளைப் பிய்த்தெறிந்தது. அதே ஆண்டு மே 13 அன்று மும்பை காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க்கின் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். மின்னலையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் கொடியது: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். இவற்றில் எதற்கும் பெயர் சூட்டிய புயல் காரணமில்லை.

வாழைத் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் இந்த நம்பிக்கையின் விலை தெரியும். வாழைக்குக் கட்டை கிடையாது. இலை மடல்கள் அடுக்கடுக்காகச் சுற்றிய, நீர் நிறைந்த தண்டு அது. தார் முற்றும் நேரத்தில் தலைக்கனம் கூடுகிறது. அதனால்தான் சவுக்குக் கம்பு வாங்கி மரத்துக்கு மரம் முட்டுக் கொடுக்கிறார்கள். பலத்த காற்று வந்தால் கம்பும் நிற்காது. மரம் இடுப்பளவில் மடங்கி ஒடிகிறது. முற்றாத தாரை வியாபாரி தொடமாட்டார். பத்து, பன்னிரண்டு மாதப் பாடு, கடன், தண்ணீர்ச் செலவு எல்லாம் இருபது நிமிடத்தில் போகும். ஒடிந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் விவசாயி தலையில்தான்.

பிறகு நிவாரணம் கேட்டு அவர் அலைகிறார். மாநிலப் பேரிடர் நிதிக்கு 2021–26 காலத்துக்காக மத்திய அரசு வகுத்த விதிகளில் புயல் இருந்தது, ஆலங்கட்டி மழை இருந்தது, பனிச்சரிவுகூட இருந்தது. கோடை இடிக்காற்று இருக்கவில்லை. மாநிலம் விரும்பினால் நிதியில் பத்து விழுக்காட்டுக்குள் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. பயிர்க் காப்பீடு இன்னும் கொடுமை. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு போன்றவற்றுக்குத் தனி வயலைப் பார்த்து இழப்பை மதிப்பிடுகிறார்கள். காற்றுக்கு அப்படியில்லை, வட்டாரம் முழுவதன் சராசரி விளைச்சல் விழுந்தால்தான் பணம். நாலு கிராமத்தை மட்டும் அடித்துவிட்டுப் போகும் காற்று சராசரியில் எப்படித் தெரியும்? காற்றென்றால் பரந்து அடிக்கும் புயல்தான் என்று நினைத்தவர்கள் எழுதிய விதி இது.

“இதையெல்லாம் யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்?” என்று கேட்பார்கள். இரண்டு நாள் முன்னால், எந்த ஊர் என்று சொல்ல முடியாதுதான். மேகம் சில கிலோமீட்டர் அகலம், ஒரு மணி நேர ஆயுள். ஆனால் அது உருவானபின் டாப்ளர் ரேடாரில் தெரிகிறது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வானிலைத் துறை வெளியிடுகிறது. மின்னலுக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது. சந்தையைக் கலைக்கவும், கோயில் திருவிழாப் பந்தலிலிருந்து கூட்டத்தை வெளியேற்றவும், ஆடு மேய்ப்பவரை மரத்தடியிலிருந்து கான்கிரீட் கட்டடத்துக்கு அழைத்துவரவும் அரை மணி நேரம் போதும். ஆனால் சென்னை, காரைக்கால் ரேடார்கள் கடற்கரையில் நிற்கின்றன. தூரம் கூடக்கூட ரேடாரின் கதிர் தரையைவிட்டு உயரப் போய்விடும். மேகத்தின் அடிவயிற்றில் நடப்பது தப்பிவிடும். இடிமேகம் வளரும் மேற்கு மாவட்டங்களுக்கு அருகிலேயே ரேடார் வேண்டும்.

புயல் சின்னம் தெரிந்தால் மாவட்ட நிர்வாகம் கூட்டம் போட்டு, விளம்பரப் பலகைகளை இறக்கச் சொல்கிறது, முகாம்களைத் திறக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அந்த ஏற்பாடு உள்மாவட்டங்களில் தயார்நிலையில் இருக்க வேண்டும். எச்சரிக்கை கைப்பேசியோடு நின்றுவிடாமல் ஊராட்சி ஒலிபெருக்கி வரை போக வேண்டும். இடிக்காற்றைப் பேரிடர் பட்டியலில் சேர்த்து, ஒடிந்த வாழையை அந்தந்தத் தோட்டத்திலேயே எண்ணி இழப்பீடு தரும்படி காப்பீட்டு விதியை அடுத்த பருவத்துக்குள் திருத்த வேண்டும்.