கடை அலமாரிக்கு முன்சட்டம் வேண்டும்



புதுக்கடை திறப்போரும் பழைய கடையைப் புதுப்பிப்போரும் மரவேலைக்கு ஆள் அழைத்ததும் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்துகிறோம். அவரும் குறைக்கிறார். எதை எடுத்துவிட்டுக் குறைத்தார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. இப்படிக் குறைக்கும்போது எளிதில் கைவிடப்படுவது அலமாரியின் முன்சட்டம். மளிகைக் கடையைப் பொறுத்தவரை இது சிக்கனமே அல்ல, நட்டக் கணக்கு என்பதே என் கருத்து.

பிளைவுட் பலகையால் பெட்டி போல அடித்த அலமாரியின் முகப்பில், கெட்டி மரத்தால் செய்து பொருத்துவதே முன்சட்டம். மேலிருந்து கீழாக நிற்கும் சட்டங்களும், அவற்றுக்கு இடையே குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தது அது. ஏறத்தாழ 2 அங்குல அகலம், முக்கால் அங்குல கனம் போதும். பலகையின் ஓரத்தை மறைக்கும் அலங்காரம் என்றே பலர் இதை எண்ணுகின்றனர். அதன் உண்மையான வேலை பாரம் தாங்குவது.

நம் கடைத் தட்டுகளில் துணிக்கடைபோல் லேசான சரக்கு வைப்பதில்லை. 3 அடித் தட்டில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் 50 அடுக்கினால் 50 கிலோ. பகலிரவு பாராமல் அந்தப் பாரம் அங்கேயே இருக்கும். அடிக்கு அதே பாரம் என்ற கணக்கில், தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. 6 அடித் தட்டு வயிறு தள்ளி நிற்பதற்குக் காரணம் இதுதான். நடுவே ஒரு நிற்கும் சட்டம் கொடுத்தால் முன்னோரத்தின் நீளம் பாதியாகிவிடும். பின்னோரத்துக்குச் சுவரோடு ஒரு ரீப்பர் அடித்துத் தாங்கல் தரவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். தட்டின் முன்னோரத்தில் குத்துவாட்டாக ஒட்டும் குறுக்குச் சட்டமும் தொய்வைக் குறைக்கும். படுக்க வைத்த பலகை வளையும், நிறுத்தி வைத்த பலகை வளையாது என்பது யாவரும் அறிந்ததே.

கதவு வைத்த அலமாரி என்றால் இன்னொரு நன்மையும் உண்டு. நாளுக்கு நூறு முறை திறந்து மூடும் கதவின் கீல், பார்ட்டிகிள் போர்டில் போட்ட திருகாணியை மெல்ல மெல்லப் பிடுங்கிவிடும். கெட்டி மரச் சட்டத்தில் திருகாணி பிடித்து நிற்கும். கடையைத் தினமும் கழுவி விடுகிறோம். அந்த ஈரத்தில் பார்ட்டிகிள் போர்டின் ஓரம் உப்பிவிடுவதையும் மறக்கக் கூடாது.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது, செய்த முறையும் சரியாக இருக்கவேண்டும். ஒவ்வொரு கட்டையாகப் பெட்டியின் மேல் ஆணி அடித்து ஒட்டுவது முன்சட்டம் ஆகாது. முழுச் சட்டத்தையும் தனியே தரையில் கூட்டி, முனையை நாக்கு போல் செதுக்கித் துளையில் இறக்கியோ, மர முளை வைத்தோ பசையிட்டு இணைக்கவேண்டும். மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்துப் பார்த்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். பிறகே பெட்டியில் பசையிட்டு, இறுக்கிப் பிடித்து, காயவிட வேண்டும். மரம் நன்கு காய்ந்ததாக இருப்பது முக்கியம். பச்சை மரம் பின்னால் சுருங்கி, இணைப்பு வாய் பிளக்கும். பழைய கடைவீதிக் கட்டடங்களில் சுவர் நேராக இருப்பதில்லை. ஆகவே சுவரோரச் சட்டத்தை அரை அங்குலம் கூடுதலாக விட்டு, சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். இல்லையேல் அந்தச் சந்து கரப்பான் பூச்சிக்குக் குடியிருப்பாகும்.

மளிகைக்காரர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று: அடிச்சட்டத்தின் மேல்விளிம்பு அடிப்பலகையோடு சமமாக இருக்கட்டும். சட்டம் உயர்ந்து நின்றால் சிந்திய பருப்பும் மாவும் உள்ளேயே தங்கி வண்டு பிடிக்கும். எண்ணெய்ப் புட்டி வைக்கும் மேல்தட்டில் மட்டும் சட்டம் கால் அங்குலம் உயர்ந்திருந்தால், புட்டி வழுக்கி விழாது.

முன்சட்டத்தால் இடம் குறைகிறதே என்பார்கள். உண்மைதான். முக்கால் அங்குலப் பக்கப் பலகையின் மேல் 2 அங்குலச் சட்டம் வைத்தால், இரு பக்கமும் சேர்த்துத் திறப்பில் இரண்டரை அங்குலம் குறையும். அழகுசாதனம், மருந்து போன்ற லேசான சரக்குக்குச் சட்டமில்லாத நவீன அலமாரி போதும். அங்கே வீண்செலவு வேண்டாம். ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெய் தாங்கும் தட்டுக்கு அந்த இரண்டரை அங்குலத்தை விட்டுக்கொடுப்பதே புத்திசாலித்தனம்.

வாடகையும் முன்பணமும் கொடுத்துக் கையில் மிஞ்சிய முதலில்தான் நாம் அலமாரி அடிக்கிறோம். தட்டு தொய்ந்தால் சரக்கை இறக்கி, கடையை மூடி, மறுபடியும் அடிக்கவேண்டும். மூடிய நாளில் போன வாடிக்கையாளர் அடுத்த கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. "விலை குறைவு என்று மட்டமான சரக்கை வாங்காதீர்கள்" என்று நாள்தோறும் சொல்லி வியாபாரம் செய்யும் நாம், தச்சரிடம் மட்டும் வேறு நியாயம் பேசலாமா? நல்ல சட்டத்துக்கு உரிய கூலியைக் கொடுப்போம். உரிய வேலையைக் கேட்டு வாங்குவோம்.

பலகையின் தரம், ஐ.எஸ்.ஐ. முத்திரை, சட்டத்தின் மரம், அளவு, இணைக்கும் முறை, நடுச்சட்டங்களின் இடைவெளி ஆகியவற்றை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் கொடுக்கவேண்டும். இதற்கென ஒரு மாதிரி ஒப்பந்தத் தாளை நம் சங்கமே அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்கினால், புதிதாகக் கடை வைக்கும் இளைஞர்களுக்குப் பேருதவியாக இருக்கும். நிர்வாகிகள் அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.