மண்டபத்தில் தண்ணீருக்கும் ஒரு மீட்டர் வேண்டும்

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் வாடகை தனி, கரண்ட் பில் தனி. முகூர்த்தம் முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மேனேஜர் மீட்டரைப் பார்த்து, இத்தனை யூனிட் என்று எழுதிக் காசு வாங்கிக்கொள்வார். ஜெனரேட்டர் ஓடியிருந்தால் டீசலுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் விடாமல் மோட்டார் போட்டு இறைத்த தண்ணீருக்கு மட்டும் கணக்குக் கிடையாது. குழாய் திறந்தபடியே கிடக்கும், கேட்பாரில்லை.

இது ஆற்றுப் பாசன ஊராக இருந்தால் நானும் பேசாமல் இருந்துவிடுவேன். சித்தன்னவாசல், அன்னவாசல், இலுப்பூர் எல்லாம் பாறை பூமி. போர் போட்டால் தண்ணீர் வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கண்மாயையும் ஊரணியையும் நம்பியே பிழைத்த சீமை இது. குடிக்க ஒரு ஊரணி, மாடு குளிப்பாட்ட வேறு குளம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். குடிதண்ணீர் ஊரணியில் கால் நனைத்தால் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள். வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழடிப்பட்டத்தில் படுக்கை வெட்டி வாழ்ந்த சமண முனிவர்களுக்கு ஆழ்குழாய் ஏது? மழை நீர் தங்கும் சுனைதான். நவச்சுனைக்குள் மூழ்கிக் கிடக்கும் சின்னக் குடைவரையில், தண்ணீரை இறைத்தால்தான் லிங்கம் கண்ணுக்குத் தெரியும். அறிவர் கோவில் விதானத்தில் தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, எருமை எல்லாம் தீட்டியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை மலையடியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது வேறு கதை.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது சோற்றை விட்டுவிட முடியாது. ஒரு கிலோ நெல் விளையச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இலையில் ஒதுக்கிய சோறு 150 கிராம் என்றால் அரிசி 50 கிராம், நெல்லாக 75 கிராம். பெருக்கிப் பாருங்கள், 187 லிட்டர் வருகிறது. பன்னிரண்டு குடம்! நம் வீட்டுப் பெண்கள் இடுப்பில் சுமந்த குடங்களை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

"கேட்டுக் கேட்டுப் பரிமாறினால் மரியாதைக் குறைவு" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. உட்காருவதற்கு முன்பே இலை நிறைய இருபது ஐட்டம் வைத்துவிட்டு, சர்க்கரை நோய்க்காரர் இலையிலும் இரண்டு இனிப்பை வைப்பதா மரியாதை? முன்பெல்லாம் பந்தியில் ஒரு பெரியவர் நடந்துகொண்டே இருப்பார். யாருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இப்போது காண்டிராக்டரின் ஆட்கள் ஓட்டமும் நடையுமாக வைத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அடுத்த பந்தி காத்திருக்கிறது.

ஓட்டல்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. அளவுச் சாப்பாடு என்று ஏற்கனவே ஒன்று இருக்கிறது. அதை போர்டில் பெரிதாக எழுதி, விலையையும் மனம் வந்து குறைத்தால் என் வயதுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

வீடுகளும் யோக்கியம் இல்லை. உலகில் 2022-இல் வீணான உணவு நூறு கோடி டன்னுக்கு மேல், அதில் அறுபது சதவீதம் வீடுகளில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. கழுநீர்ப் பானை இருந்த காலத்தில் அரிசி களைந்த தண்ணீரும் மிச்சச் சோறும் மாட்டுக்குப் போனது. இன்று மாடும் இல்லை, பானையும் இல்லை. ஃப்ரிட்ஜ் இருக்கிறது, மூன்று நாள் வைத்திருந்து பிறகு கொட்டுவதற்கு. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரையாவது ஒரு வாளியில் பிடித்தால் பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க ஆகும்.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். மண்டபம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்களே" என்றார். டீசலுக்கு யாரும் சண்டை போட்டதில்லையே என்றேன். இத்தனை ஆயிரம் லிட்டர் வரை வாடகையிலேயே சேர்த்தி, அதற்கு மேல் போனால் காசு என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் போதும். பெண் வீட்டு மாமாவே போய்க் குழாயை மூடுவார். நண்பர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசப் போகிறவர்கள் நீங்களும் உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.